இரண்டரை நாய்

நெட்டூரணியில் கெட்டிக்காரர்களும் இருந்தார்கள். அவர்களெல்லாம் பிழைப்புக்காகத் திருப்பூர் பக்கம் போய்விட்டதால், மிச்சமிருந்தவர்களில் மூன்று பேரை வைத்துக்கொண்டு இந்தக் கதையை நடத்த வேண்டியிருக்கிறது. கொம்பையா, வேலாண்டி, பலவேசம் என்று பெயர். மூன்று பேரும் தங்கமான ஆட்கள். யார் எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதுதான்.

இவர்களில் கொம்பையாவுக்கு ஒரு மனக்குறை இருந்தது. நாற்பது வயதாகியும் அவனை நம்பி யாரும் ஒரு பொறுப்பைக் கொடுத்ததில்லை. கோயில் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்ளக்கூட வேறு ஆளைத்தான் கூப்பிடுவார்கள். அப்படியிருக்க, ஒரு வைகாசி மாதக் காலையில் இசக்கிதுரை அண்ணாச்சியே வீடு தேடி வந்தார்.

"கொம்பையா, மச்சினன் கல்யாணத்துக்குக் குடும்பத்தோட கெளம்புதோம். மூணு நாள் ஆகும். என் மூணு நாயையும் உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

ஊரில் முக்கால்வாசிப் பேர் அதே கல்யாணத்துக்குத்தான் போகிறார்கள் என்பதை அண்ணாச்சி சொல்லவில்லை. கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் கண்ணு மாதிரிப் பாத்துக்கிடணும், கேட்டியா? வரும்போது மூணு நாயும் கொறையாம இருந்துச்சுன்னா, மச்சினன் வீட்டு நாய் போட்ட குட்டியில ஒண்ணை உனக்குக் கொண்டாரேன்."

கொம்பையாவுக்கு நாய்க்குட்டி என்றால் உயிர். அண்ணாச்சி வேனில் ஏறுவதற்குள், குட்டிக்கு முத்து என்று பேரும் வைத்து, பால் ஊற்ற ஒரு தேங்காய்ச் சிரட்டையையும் தேய்த்து வைத்துவிட்டான்.

பிறகு மூன்று பேரும் அண்ணாச்சியின் முற்றத்தில் உட்கார்ந்து யோசித்தார்கள். அண்ணாச்சி தன் கண்ணை எப்படிப் பார்த்துக்கொண்டார்? போன மாதம்தான் முகாமில் அவருக்குக் கண் ஆபரேஷன் செய்திருந்தார்கள். பச்சைத் துணியால் கண்ணைக் கட்டியதிலிருந்து எல்லாமே பலவேசத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாரு. தலைக்கு ஊத்தல. வெயில்ல எறங்கல. முக்கியமா, குனியவே இல்ல."

அதன்படியே நடந்தது. முகாமில் கொடுத்த கண்ணாடி ஊரில் வீட்டுக்கு வீடு கிடந்தது. மூன்றை வாங்கி வந்து செம்மணி, பூச்சி, சடையன் என்ற மூன்று நாய்களுக்கும் நாடா கட்டி மாட்டினார்கள். நாய்கள் குனியக்கூடாது என்பதால் ஆளுக்கொரு தட்டை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாய்கள் பின்னங்காலில் எழும்பி, முன்னங்காலை அவர்கள் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிட்டன. தட்டில் இருந்ததைவிட வேலாண்டியின் சட்டையில் இருந்த குழம்புதான் பூச்சிக்கு அதிகம் பிடித்தது.

முதல் நாள் இப்படிச் சுகமாகக் கழிந்தது. இரண்டாம் நாள் காலையில் டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஆடு வளர்ப்போர் நலனுக்காக என்று மேலே போட்டிருந்தது. பலவேசம் எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"ஓநாய்க் கலப்பு நாயை அறிந்துகொள்வீர். நீண்ட கால். மஞ்சள் கண். சுருளாமல் தொங்கும் வால். குரைக்காது, ஊளையிடும். இப்படிப்பட்டது பாதி நாய், பாதி ஓநாய்."

அதற்குக் கீழே, 'ஒன்றிரண்டு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர், மாட்டு டாக்டரைக் கேளுங்கள்' என்றும் இருந்தது. ஆனால் அந்தப் பகுதியை ஒரு வெள்ளாடு அப்போதுதான் மென்று முடித்திருந்தது.

மூன்று பேரும் டீயை அப்படியே வைத்துவிட்டு அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினார்கள். நாய்களின் காலை அளந்தார்கள். சடையனுக்குத்தான் நீளம். வாலைப் பார்த்தார்கள். சடையனுக்குத் தொங்கியது. கண்ணைப் பார்க்கலாம் என்றால் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக்கூடாது. கழற்றினால் அண்ணாச்சியின் கண் மாதிரி ஆகாது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோதுதான் கொம்பையா கவனித்தான்.

"ஏ வேலாண்டி, உனக்குக் கண்ணு மஞ்சளா இருக்கே!"

வேலாண்டிக்கு ஒரு வாரமாகக் காமாலை. கீழாநெல்லி தின்றுகொண்டிருந்தான்.

"உங்க வம்சத்துல ஓநாய் யாரும் உண்டாவே?" என்று பலவேசம் பக்குவமாக விசாரித்தான்.

வேலாண்டி ரொம்ப நேரம் யோசித்தான். "அம்மா வழியில இல்ல. அப்பா வழியில சித்தப்பாகிட்ட கேட்டுத்தான் சொல்லணும்."

அந்த நேரம் பார்த்து மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. சடையன் மூக்கை வானத்தைப் பார்த்துத் தூக்கி, "ஊஊஊ" என்று நீளமாக இழுத்தது. தினமும்தான் இழுக்கும். அன்றைக்குத்தான் இவர்கள் காதில் விழுந்தது.

"சரியாப் போச்சு. பாதி ஓநாய்தான்" என்றான் பலவேசம்.

"எந்தப் பாதி?" என்றான் கொம்பையா.

"முன்பாதிதான். ஊளை வாய் வழியாத்தான வருது" என்றான் வேலாண்டி.

"வால் தொங்குதே. அது பின்பாதில்லா?"

"அப்ப பின்பாதியும் ஓநாய்."

"அப்ப நாய் எங்கவே இருக்கு?"

"நடுவுல இருக்கும்."

கொம்பையா சடையனின் வயிற்றைத் தடவிப் பார்த்தான். அங்கே நாய் இருப்பது கைக்குத் தெரிந்தது. ஆனால் பாதிக்குமேல் தேறாது போலிருந்தது.

"அண்ணாச்சி விட்டுட்டுப் போனது மூணு நாய். இப்ப இருக்கது ரெண்டரை நாய்தானவே! என் பொறுப்புல அரை நாயைத் தொலைச்சுட்டேனே!"

வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் நம்பிக் கொடுத்த பொறுப்பு. சிரட்டை வேறு வீட்டில் காத்துக்கொண்டிருக்கிறது. கொம்பையா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

குரைக்கச் சொல்லிக்கொடுத்தால் ஓநாய் போய்விடும் என்றான் வேலாண்டி. சாயங்காலம் வரை மூன்று பேரும் நான்கு காலில் நின்று குரைத்துக் காட்டினார்கள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். சடையன் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு அவர்களுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் விடிந்ததும் பலவேசம் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தான். "குறையுது அரை நாய்தான? இன்னொரு கலப்பு நாயைக் கொண்டாந்து சேத்துட்டா, ரெண்டு அரையும் சேந்து ஒரு முழு நாய். மூணும் சரியாப் போகும்."

கொம்பையா அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

குளத்தடி வயலில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார் ஆவுடைக்கோனார். அவரிடம் ஒரு காவல் நாய் இருந்தது. வீரன் என்று பெயர்.

"கோனாரே, உங்க நாயில ஓநாய் எவ்வளவு இருக்கு?" என்று கொம்பையா கேட்டான்.

கோனாருக்கு யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று இருந்தது. "அந்த வயித்தெரிச்சலை ஏன் கேக்கீரு! போன வாரம் ஓநாய் வந்து ஆட்டைத் தூக்குது, இது பக்கத்துல நின்னு வாலை ஆட்டுது. மாமன் மச்சான் மாதிரில்லா நிக்கி!"

"சரியாப் பாதி இருக்குமா?"

"பாதின்னா பாதி. கூட்டிட்டுப் போங்கய்யா. அந்தி வரைக்கும் எனக்கு நிம்மதி."

வீரனைக் கொண்டுவந்து, ஒரே மாட்டுக் கயிற்றின் இரண்டு நுனியிலும் சடையனையும் வீரனையும் கட்டினார்கள். இப்போது இரண்டும் ஒரு நாய் என்பதால் ஒரே தட்டில் சோறு வைத்தார்கள். அந்த ஒரு நாய் உடனே தனக்குள் சண்டை போட்டுக்கொண்டது. சண்டை முடிந்து விளையாட்டாகி, முற்றத்தை நாலு சுற்றுச் சுற்றியது. நடுவில் நின்ற பலவேசத்தின் காலை வாரி, பக்கத்து வீட்டார் காயப்போட்டிருந்த வடகத்தில் அவனைக் குப்புறத் தள்ளியது. கொம்பையாவுக்கு ஒரே சந்தோஷம்.

"செம்மணி ஒண்ணு. பூச்சி ரெண்டு. இது மூணு. கொறைவில்ல!"

வேலாண்டி மட்டும் குதிக்கவில்லை. கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு அரை நாயும் சேந்து ஒரு நாய் ஆச்சு. சரி. மிச்சம் ரெண்டு அரை ஓநாய் இருக்கே, அது ரெண்டும் சேந்து என்னாச்சு?"

மூன்று பேரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள்.

"முழு ஓநாய்!" என்றான் பலவேசம், மூக்கில் ஒட்டிய வடகத்தோடு.

கொம்பையாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. அண்ணாச்சியின் முற்றத்துக்குள் ஒரு முழு ஓநாய்! பக்கத்திலேயே கறுப்புக் கண்ணாடியோடு ஒன்றும் அறியாமல் செம்மணியும் பூச்சியும்! ஆனாலும் நம்பி விட்டுப் போனவரை நினைத்துக்கொண்டான். இன்னொரு கயிற்றில் சுருக்குப் போட்டு, சடையனுக்கும் வீரனுக்கும் நடுவில் இருந்த வெறும் இடத்தில் வீசி, சட்டென்று இழுத்தான். சுருக்கு இறுகியது.

"மாட்டிக்கிட்டு! நாய் ரெண்டையும் அவுத்து விடுங்கவே. நான் இதைப் பிடிச்சுக்கிடுதேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினான்.

அந்த நேரத்தில்தான் அண்ணாச்சி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கையில் ஒரு பனையோலைப் பெட்டி இருந்தது. முற்றத்தைப் பார்த்தார். கண்ணாடி போட்ட நாய் மூன்று, போடாத நாய் ஒன்று.

"நாலாவது யாருவே?"

"மூணுதான் அண்ணாச்சி. அதுல ரெண்டு சேந்து ஒண்ணு" என்றான் பலவேசம்.

அண்ணாச்சி மூன்று நாள் கல்யாணக் களைப்பில் இருந்தார். மேற்கொண்டு விசாரிக்க அவருக்குத் தெம்பில்லை. தன்னுடைய நாய்கள் மூன்றும் ஒரு கீறல் இல்லாமல் கொழுகொழுவென்று இருந்தன. அது போதும் அவருக்கு.

"நல்லாத்தான் பாத்திருக்க கொம்பையா. உன்னை நம்பினது வீண் போகல. இந்தா உன் குட்டி."

பெட்டிக்குள்ளிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. கொம்பையா ஒரு கையில் கயிற்றை இறுக்கிக்கொண்டு, மறு கையால் குட்டியை வாங்கி நெஞ்சோடு அணைத்தான். அது அவன் மோவாயை நக்கியது. அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறு கையிலிருந்த கயிற்றைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குட்டியை மறுபடியும் பெட்டிக்குள் வைத்தான்.

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்களே வச்சுக்கிடுங்க."

"ஏன்வே? நாய்க்குட்டின்னா உனக்கு உசுராச்சே!"

"சின்ன உசுரு. வீட்டுல ஓநாயைக் கட்டிப் போட்டுக்கிட்டு இதை எப்படி வளக்க?"

சொல்லிவிட்டு வெறும் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தான். இழுக்க மிகவும் சிரமமாக இருந்தது போலிருக்கிறது. பலவேசமும் வேலாண்டியும் எட்டாத தூரத்தில் நின்று, "விடாத, விடாத" என்று தைரியம் சொன்னார்கள். கொம்பையா கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினான். பின்னாலேயே வந்த அண்ணாச்சி கேட்டைச் சாத்தப் போனார்.

"அண்ணாச்சி, பொறுங்க!" என்று கொம்பையா பதறினான். "வால் இன்னும் உள்ளதான் இருக்கு!"

அண்ணாச்சி பொறுத்தார். வால் வெளியே போகும் மட்டும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டுதான் சாத்தினார்.