மிளகாய் நெடியும் தேர்ப்பாட்டும்

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை மகுடபூபதி என்றொரு ராஜா ஆண்டார். அவர் ஆண்டார் என்பதைவிட, அவர் மனசு அவரை ஆண்டது என்பதுதான் சரி. புளியோதரை கேட்பார், இலையில் விழுந்ததும், "யார் கேட்டது?" என்பார்.

அந்த ஊர்த் தேருக்கு ஒரு வழக்கம். தேர் கிளம்பி நிலைக்கு வந்து சேரும்வரை பொன்னுரங்கம் குழு நிறுத்தாமல் பாடிக்கொண்டே முன்னால் போகும். பாட்டு அறுந்தால் தேர் இழுப்பவர்கள் வடத்தைக் கீழே போட்டுவிடுவார்கள், தேர் பாதியிலேயே நின்றுவிடும். அது நாட்டுக்கே ஆகாது. ராஜாவின் பாட்டனார் காலத்தில் பொன்னுரங்கம் ஏற்படுத்திய குழு அது. அவரும் போய், அவரோடு பாடியவர்களும் ஒவ்வொருவராகப் போய், அந்தந்த இடத்துக்குப் புது ஆள் வந்து, இப்போது செல்லக்கண்ணு என்ற பெண் தலைமையில் நடந்தது.

அந்த வருஷம் பொன்னுரங்கத்தின் பேரன் சிங்காரம், ஊரிலுள்ள நல்ல குரல்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு, பாட்டன் சால்வையும் பாட்டன் தாளமுமாகச் சபையில் வந்து நின்றான். "மகாராஜா, நாங்கதான் அசல் பொன்னுரங்கம் குழு!"

அவனை அழைத்து வந்தவர் தளவாய் திருமலைக்கொழுந்து, அவனுடைய அக்காள் புருஷன். மந்திரி ஆதிமூலத்தைச் சபை மெச்சும்போதெல்லாம் வயிறெரிகிற மனுஷர். "மன்னா, பானையின் வாயை மாற்றி, அடியையும் மாற்றிவிட்டு அதே பானை என்றால் ஒப்புவதா? இவர்களில் ஒருவராவது பொன்னுரங்கத்தின் ரத்தமா?"

செல்லக்கண்ணு தயங்கவே இல்லை. "சாமி, கோயில் விளக்குல நேத்து ஊத்துன எண்ணெயா இன்னிக்கு எரியுது? விளக்கு அணையலை, அவ்வளவுதான்."

ராஜா தொடையைத் தட்டினார். "மந்திரியாரே, இன்றே தீர்ப்பு வேண்டும். தோற்றவர்கள் இனி பொன்னுரங்கம் பேரைச் சொல்லி இந்த நாட்டில் வாய் திறக்கக் கூடாது!" அந்தப் பாட்டைத் தவிர செல்லக்கண்ணுவின் ஆட்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

"இரு குழுவும் பாடட்டும். ஆனால் ஊர்க்கண் பட்டிருக்குமே! திருஷ்டி சுற்றிப் போட்டபடியே கேட்போம்" என்றார் ஆதிமூலம்.

"அவர்கள் முதலில் பாடட்டும்" என்றார் தளவாய் உஷாராக.

செல்லக்கண்ணு எடுத்தாள். பாட்டு ஏறும் நேரம் பார்த்து மந்திரி ஒரு கூடை வற்றல் மிளகாயை நெருப்பில் கொட்டினார். அடேயப்பா, என்ன நெடி! சேவகர்கள் இருமினார்கள், ராஜா இருமினார், கிரீடம் மூக்குக்கு இறங்கியது. செல்லக்கண்ணுவும் இருமினாள். அவள் விட்ட இடத்தைப் பக்கத்து ஆள் பிடித்தான். அவன் இருமியபோது கடைசி வரிசைக்காரி பிடித்தாள். பாட்டு அறுபடவே இல்லை.

அடுத்து சிங்காரம். நெடி வரும் என்று தெரிந்தே மூக்கில் துணி கட்டி நின்றான். மிளகாய் விழுந்தது. ஒரே ஒரு இருமல்தான்! தாளம் நழுவியது. மற்றவர்கள் எல்லாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாட்டு அறுந்தது.

"சதி!" என்று கத்தினார் தளவாய், இருமலுக்கு நடுவே.

"நெடி வந்தால் திருஷ்டி இல்லை என்று அர்த்தம். சந்தோஷப்படும் ஐயா" என்றார் மந்திரி.

செல்லக்கண்ணு சொன்னாள்: "எங்க குழுவுல முதல் பாடம் பாட்டு இல்ல சாமி. பக்கத்து ஆளோட மூச்சைக் கேக்கறது. பொன்னுரங்கம் தாத்தா வச்ச பாடம்."

ராஜா திடீரென்று முகம் சுளித்தார். "அப்படியானால் பேரன் என்பதற்கு மதிப்பே இல்லையா? நானும் ஒரு பேரன்தானய்யா!"

ஆதிமூலம் நிதானமாகக் கைகூப்பினார். "மன்னா, பாட்டன் சிம்மாசனத்தை வைத்திருப்பதால் அல்ல, நாடு திணறும்போது தாங்கிப் பிடிப்பதால் தாங்கள் வாரிசு."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலை மந்திரி கழுத்துக்குப் போனது. பொன்னுரங்கம் பேர் செல்லக்கண்ணுவிடமே நின்றது. "தளவாய், இந்த வருஷம் நீர் வடம் பிடித்து இழுக்க வேண்டும்!"

தலைகுனிந்து நின்ற சிங்காரத்திடம் செல்லக்கண்ணு போனாள். "தம்பி, சால்வையை மடிச்சு வை. கடைசி வரிசையில ஓர் ஆள் கொறையுது, வர்றியா?"

தேரன்று தளவாய் பாதி வீதியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். அதே நேரம் செல்லக்கண்ணுவுக்கும் மூச்சு முட்டியது. அவள் விட்ட இடத்தைக் கடைசி வரிசையிலிருந்து சிங்காரம் பிடித்தான். தேர் நிற்காமல் போனது.