பூவாயி அள்ளிய புளியங்கொட்டை

காரைக்குளம் ஜமீன்தாருக்கு ஒற்றையா இரட்டையா ஆட்டம் என்றால் சோறுதண்ணி வேண்டாம். எதிராளி புளியங்கொட்டைகளை எண்ணிக் கைக்குள் மூடியதும் அவன் முகத்தை ஒரு பார்வை பார்ப்பார். அவர் ஒற்றை என்றால் ஒற்றை, இரட்டை என்றால் இரட்டை. திவான் வரைக்கும் தோற்றாயிற்று.

ஒருநாள் சமையற்காரி பூவாயி வந்து நின்றாள். "எசமான், மக தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கா. நான் ஊருக்குப் போகணும்."

"மூணு ஆட்டத்துல ஒண்ணு ஜெயிச்சுட்டுப் போ" என்றார் அவர், மீசையைத் தடவிக்கொண்டு.

பூவாயி புளியங்கொட்டைக் கூடையில் கைவிட்டு அள்ளி மூடினாள். அவர் உற்றுப் பார்த்து, "ஒற்றை!" என்றார். ஒற்றைதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுபடி அள்ளினாள். இந்தத் தடவை அவர் வெகுநேரம் பார்த்தார். கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி இருந்தது அவள் முகம். "இதுவும் ஒற்றை!" என்றார். கையைத் திறந்து எண்ணினால் இரட்டை.

"என்ன மாயம் பண்ணினே?"

"எண்ணாம அள்ளினேன், எசமான். எனக்கே தெரியாதது என் மூஞ்சியில எப்படித் தெரியும்?"

"அப்ப முதல் ஆட்டத்துல சரியாச் சொன்னேனே?"

"அது குருட்டாம்போக்குல வந்தது. எண்ணாம அள்ளுறது எனக்கென்ன புதுசா? குழம்புக்கு உப்பே அப்படித்தானே போடுறேன்!"

ஜமீன்தார் வயிறு குலுங்கச் சிரித்தார். "இத்தனை வருஷமா அந்தக் குழம்பைத் தின்னுட்டும் எனக்கு இது தோணலையே! டேய், வில்வண்டியைப் பூட்டுங்கடா. பூவாயி, பேரப்பிள்ளைக்குப் பேர் வச்சுட்டே வா. அதுவரைக்குமாவது நான் உப்புச் சரியா இருக்கிற குழம்பு சாப்பிடுறேன்."