நாவற்பொட்டல் ஆஸ்பத்திரியில் ரகசியம் காத்த கதை

உலகத்து ஊர்களுக்கெல்லாம் அறிவு பங்கிடப்பட்ட நாளில் நாவற்பொட்டலில் வாரச் சந்தையாம். ஊரே சந்தைக்குப் போயிருந்ததாம். மிச்சம் இருந்ததையாவது வாங்கி வருமாறு மூன்று பேரை அனுப்பினார்கள். எதற்காகப் புறப்பட்டோம் என்பதை அம்மூவரும் பாதி வழியிலேயே மறந்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பினார்கள். ஊரார் அவர்களைத் திட்டவில்லை. பத்திரமாகத் திரும்பி வந்தார்களே என்று மகிழ்ந்து, மூவருக்கும் தர்ம ஆஸ்பத்திரியின் ஆவண அறையில் வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

மூவரில் மூத்தவர் ஆவுடையப்பன், தலைமை எழுத்தர். நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளை அடுக்கி வைப்பவன் சொரிமுத்து. அடுக்கியதை எடுத்துக் கொடுப்பவன் லூர்துமணி. அடுக்கும்போது லூர்துமணி பார்ப்பதில்லை. எடுக்கும்போது சொரிமுத்து இருப்பதில்லை. ஆகவே வேலை தடையின்றி நடந்து வந்தது.

புதிதாக வந்த டாக்டர் மரகதவல்லி ஒரு நாள் அறைக்குள் எட்டிப் பார்த்து, “என்ன இவ்வளவு குப்பை? பழைய காகிதத்தையெல்லாம் கழிச்சுக் கட்டுங்க” என்றார். மூலையில் குவிந்து கிடந்த செய்தித்தாள்களைத்தான் அவர் சொன்னார். மூவரும் கூடி ஆராய்ந்ததில், செய்தித்தாள்கள் சென்ற மாதத்தவை என்றும், நோயாளிகளின் குறிப்புகளோ பல ஆண்டுப் பழமை உடையவை என்றும் தெரிந்தது. எனவே செய்தித்தாள்களைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு கட்டுக் குறிப்புகளை எதிரில் இருந்த டீக்கடைக்குக் கொடுத்தார்கள்.

மறுநாள் பஞ்சாயத்துத் தலைவரின் மூலவியாதி வரலாறு வாழைக்காய் பஜ்ஜியோடு ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. எண்ணெய் பட்ட இடங்களில் எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரிந்ததாகப் படித்தவர்கள் சொன்னார்கள்.

டாக்டர் மூவரையும் நிற்க வைத்து விதிகளைச் சொன்னார். “நல்லாக் கேட்டுக்கோங்க. ஒரு நோயாளியோட குறிப்பு அந்த நோயாளியைத் தவிர வேற யார் கண்ணிலயும் படக் கூடாது. கேட்டு வர்றவங்க இன்னார்தான்னு உறுதி பண்ணாமக் கொடுக்கக் கூடாது. இனி ஒரு ரகசியம் வெளியே போச்சுன்னா மூணு பேருக்கும் வேலை கிடையாது.” சொல்லிவிட்டு, ஒரு மாதப் பயிற்சிக்குச் சென்னைக்கு ரயிலேறினார்.

அவர் போனதும் மூவரும் ஆலோசனையில் அமர்ந்தார்கள்.

“அண்ணாச்சி, நாம நோயாளியா?” என்று கேட்டான் சொரிமுத்து.

“இல்லையேடே.”

“அப்போ நம்ம கண்ணிலயும் படக் கூடாதுல்லா?”

இத்தனை காலமும் கண்ணைத் திறந்துகொண்டு வேலை பார்த்த குற்றத்தை எண்ணி ஆவுடையப்பன் வருந்தினார்.

“எனக்கு லேசா சளி இருக்கு. நான் பாக்கலாமா?” என்றான் லூர்துமணி.

“உன் சளியை நீ பாத்துக்கோ. அடுத்தவன் சளியைப் பாக்க உனக்கு ஏது உரிமை?” என்று ஆவுடையப்பன் அடக்கினார்.

அன்று முதல் மூவரும் அறைக்குள் நுழையுமுன் துண்டால் கண்ணை இறுகக் கட்டிக்கொண்டார்கள். முதல் நாளில் சொரிமுத்து ஒரு தண்ணீர்ப் பானையை அலமாரி என்று எண்ணிக் காகிதங்களை அதில் அடுக்கினான். அதைத் தவிர குறிப்பிடத்தக்க தவறு ஒன்றும் நிகழவில்லை.

அந்த நிலையில்தான் அருணாசலவடிவு வந்து சேர்ந்தாள். அவள் ஆவுடையப்பனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. மறுநாள் காலையில் திருநெல்வேலியில் அவளுக்குப் பித்தப்பைக் கல் எடுக்கும் ஆபரேஷன். பல ஆண்டுகளுக்கு முன் இதே ஆஸ்பத்திரியில் போட்ட ஓர் ஊசி ஒவ்வாமல், முகம் வீங்கி, மூச்சடைத்து, பிழைத்ததே பெரும்பாடு என்று ஆகியிருந்தது. அது என்ன மருந்து என்பது அவளுக்கு நினைவில்லை. அன்று அவளுக்கு நினைவே இல்லையே. அந்த மருந்தின் பெயர் தெரியாமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று திருநெல்வேலி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாலைப் பேருந்தை விட்டால் வேறு வண்டி கிடையாது. கல்லோ வயிற்றுக்குள் நெருப்பாய்க் குத்திக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, என் பழைய குறிப்பை எடுத்துக் கொடுங்க. பஸ்ஸுக்குப் போகணும்.”

கண்ணைக் கட்டியபடியே ஆவுடையப்பன் நிமிர்ந்தார். “நீ யாரும்மா?”

“என்ன கேள்வி இது? வடிவுதான். காலையிலகூட உங்க வீட்டுக்கு மோர் கொடுத்தேனே!”

“மோர் கொடுத்தது வடிவு. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. நீ வடிவுன்னு நான் எப்படி உறுதி பண்ண?”

அவள் ஆதார் அட்டையை நீட்டினாள். மூவரும் அதை வாங்கிக் கவனமாகத் தடவிப் பார்த்தார்கள்.

“மூக்கே தட்டுப்படலையே அண்ணாச்சி” என்றான் லூர்துமணி.

“வடிவுக்கு நல்ல எடுப்பான மூக்குல்லா?” என்று சொரிமுத்தும் கவலைப்பட்டான்.

வடிவு பல்லைக் கடித்துக்கொண்டு, ஆவுடையப்பனின் கையைப் பிடித்துத் தன் மூக்கின்மேல் வைத்தாள். “இது போதுமா? இல்ல, பிடுங்கித் தரட்டுமா?”

ஆவுடையப்பன் திருப்தியடைந்தார். “வடிவுதான். ஆனா இன்னொண்ணு இருக்கு. நோயாளிக்குத்தான் குறிப்பைக் காட்டலாம். நீ நின்னுக்கிட்டுல்லா பேசுதே? இவ்வளவு சத்தமா வேற பேசுதே.”

“வயித்துக்குள்ள கல்லு இருக்குய்யா!”

“எங்களுக்கு எப்படித் தெரியும்? உன் குறிப்பை நாங்க பாக்கக் கூடாதே.”

மூவரும் தடவித் தடவி ஒரு தள்ளுவண்டியைக் கொண்டுவந்து, அதில் அவளைப் படுக்க வைத்தார்கள். படுத்தவுடன் அவள் நோயாளி ஆகிவிட்டாள் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பிறகு தேடல் தொடங்கியது. சொரிமுத்து முகர்ந்து பார்த்துத் தேடினான். களிம்பு வாசனை வந்தால் சொறி சிரங்கு, கற்பூர வாசனை வந்தால் மூட்டு வலி என்று அவனுக்கு ஒரு கணக்கு. லூர்துமணி அலமாரியின்மேல் ஏறி, அது சாய்ந்தபின் அலமாரியோடு இறங்கினான். ஒருவழியாக ஒரு காகிதத்தை இழுத்து எடுத்து, வடிவின் மார்பின்மேல் வைத்தார்கள்.

அவள் ஆவலோடு எடுத்தாள்.

“நில்லு! கண்ணை மூடு!” என்று அலறினார் ஆவுடையப்பன். “அது வேற நோயாளி குறிப்பா இருந்தா? நீ பாக்கலாமா?”

“பாத்தாத்தானே என்னுதான்னு தெரியும்?”

“உன்னுதா இருந்தா கண்ணைத் திறந்து பாரு. இல்லேன்னா திறக்காதே. விதி ரொம்பத் தெளிவா இருக்கு.”

“திறக்காம எப்படிய்யா தெரியும்?”

மூவரும் இதைப் பற்றி நெடுநேரம் சிந்தித்தார்கள். “அண்ணாச்சி, அரைக் கண்ணால பாக்கச் சொல்லலாமா?” என்றான் சொரிமுத்து. “அரைக் குறிப்பு வெளியே போகும்டே” என்று ஆவுடையப்பன் மறுத்தார். அதற்குள் லூர்துமணி தும்ம, அந்தக் காகிதம் பறந்து எங்கோ போய் விழுந்தது. அவனுக்குச் சளி என்பது பொய்யில்லை.

வெளியே பேருந்தின் ஹாரன் கேட்டது. வடிவு எழ முயன்றாள். வலி சுருட்டி இழுத்தது. “என்னை வாசலுக்காவது தள்ளுங்கய்யா!” என்று கதறினாள். மூவரும் தள்ளினார்கள். வழியில் இருந்த இரண்டு தூண்களிலும் மோதி, ஒருவழியாக வண்டி வாசலில் போய் நின்றது. அங்கே வெளிநோயாளிகள் வரிசையும், டீக்கடைக் கூட்டமும், கதவில் தொங்கியபடி கண்டக்டரும் வேடிக்கை பார்த்தார்கள்.

ஆற்றாமையால் வடிவு கத்தினாள்: “ரகசியமாம் ரகசியம்! தலைவரோட மூலத்தைப் பஜ்ஜியில மடிச்சுக் கொடுத்த பயலுவதானே நீங்க? உங்களை நம்பி எவன் ரகசியத்தைக் கொடுப்பான்?”

ஆவுடையப்பனின் தன்மானம் பொங்கியது. கண் கட்டியிருந்ததால், சுற்றிலும் நின்ற கூட்டம் அவருக்குத் தெரியவில்லை. பேருந்தின் இரைச்சலில் தம் குரல் எடுபட வேண்டுமே என்று அடிவயிற்றிலிருந்து முழங்கினார்.

“என்னையா சொல்லுதே? அன்னைக்குப் பெனிசிலின் ஊசி போட்டதும் உன் முகம் பரங்கிக்காயா வீங்கிச்சே, அப்போ உன்னை டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடினது யாரு? இந்த ஆவுடையப்பன்! வடிவுக்குப் பெனிசிலின் ஆகாது, போட்டா உயிருக்கே ஆபத்துன்னு இத்தனை வருஷத்துல என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வந்திருக்கா? செத்தாலும் வராது!”

வடிவு தள்ளுவண்டியில் எழுந்து உட்கார்ந்தாள்.

“பெனிசிலினா?” என்றாள் வடிவு.

“பெனிசிலினாம்” என்றது வெளிநோயாளிகள் வரிசை. “பெனிசிலின்!” என்று டீக்கடை வழிமொழிந்தது. “அக்காவுக்குப் பெனிசிலின் ஆகாதாம், சீட்டை விடுங்கப்பா!” என்று கண்டக்டர் பேருந்து முழுமைக்கும் அறிவித்தார். வயிற்றைப் பிடித்தபடி வடிவு ஏறிக்கொண்டாள், வண்டி புறப்பட்டது.

துண்டை அவிழ்த்த ஆவுடையப்பன் கூட்டத்தைக் கண்டார். “ரகசியம் வெளியே போயிட்டுடே! வேலை போச்சு!”

“போனதைத் திரும்ப வாங்கிட்டா?” என்றான் லூர்துமணி.

அருமையான யோசனையாக இருந்தது. உடனே ஒரு பெரிய தாளில் கொட்டை எழுத்தில் எழுதினார்கள்: ‘அருணாசலவடிவுக்குப் பெனிசிலின் ஆகாது என்னும் செய்தி, கீழே கையெழுத்திட்ட எங்களுக்குத் தெரியாது.’ அங்கிருந்தவர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். கேட்காதவர்களுக்கு விவரத்தைப் பொறுமையாக விளக்கிச் சொல்லி, பிறகு அவர்களிடமும் வாங்கினார்கள். யாருக்குமே தெரியாது என்பது எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று அந்தத் தாளை ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டினார்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்து, கல்லை ஒரு சிறு சீசாவில் போட்டுக்கொண்டு வடிவு ஊர் திரும்பினாள். வாசலில் தன் பெயரைக் கண்டு, மேலிருந்து கீழ்வரை படித்தாள். கையில் பேனாவோடு ஆவுடையப்பன் ஓடி வந்தார்.

“வடிவு, நல்லவேளை வந்தே! டாக்டரம்மா நாளைக்கு வாறாங்க. ஊர்ல எல்லாரும் போட்டாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி. அன்னைக்கு நீயும் பக்கத்துலதானே இருந்தே? உனக்கும் தெரியாதுன்னு ஒரு கையெழுத்துப் போட்டுரு.”

“எனக்கே தெரியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டா, அடுத்த தடவை டாக்டர் கேக்கும்போது நான் என்னய்யா சொல்ல?”

“இதுக்கா கவலைப்படுதே?” என்று ஆவுடையப்பன் பரிவோடு சொன்னார். “நேரா எங்ககிட்ட வா. நாங்க மூணு பேரும் கண்ணைக் கட்டிக்கிட்டுத் தயாரா இருப்போம்லா.”