வெட்டிய ஒரு வரி

"கேட்டால் தருகிறோம் என்று எழுதுகிறார்கள். கேட்டால் ஒருத்தரும் தருவதில்லை அம்மா," என்றார் திருவேங்கடம்.

அவர் ஆராய்ச்சி இதழ் ஒன்று நடத்துகிறவர். மனசு சரியில்லாதபோதெல்லாம் செல்லாயியிடம் வந்து உட்காருவார். செல்லாயி அவரைவிடப் பத்து வயது சின்னவள். படிக்கவும் வராது. ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு.

செல்லாயி முறத்தில் பருப்பு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதைத் தரமாட்டேங்கறாங்க?"

"அளந்து எழுதின நோட்டுகளை. கட்டுரையை மட்டும் அச்சுக்குக் கொடுக்கிறார்கள். நோட்டைப் பூட்டி வைத்துக்கொள்கிறார்கள்."

"உங்களுக்கு எதுக்கு அது?"

"மேட்டுக்கொல்லையில் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் பழுப்பாகிறது. பள்ளிக்கூடத்துப் போட்டோவில் ஒரு பிள்ளைகூட வாய் திறந்து சிரிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் எந்த வருஷம் கெட்டது என்று தெரிந்தால்தான், எதனால் கெட்டது என்று சொல்ல முடியும். அது பழைய நோட்டில்தான் இருக்கும்."

செல்லாயி ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டாள்.

"அந்தக் கிணத்தைப் பத்தி உங்க இதழ்ல வந்துச்சா?"

"வந்தது. ஒன்பது வருஷம் ஆச்சு."

பையிலிருந்து இதழை எடுத்துப் பிரித்தார்.

"யார் பேரு போட்டிருக்கு?"

"ரெண்டு பேராசிரியர்கள்."

"அவங்களா கிணத்துல வாளி விட்டாங்க?"

திருவேங்கடம் இதழின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"மரகதவல்லி என்று ஒரு பெண். நாற்பது கிணறு, ஆறு வருஷம். அவளுக்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. பக்கம் போதவில்லை என்று நான்தான் வெட்டினேன்."

செல்லாயி கடைசிப் பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள்.

"இங்க என்ன?"

"விளம்பரம்."

"யாரோடது?"

"நம்ம இதழோடதுதான்."

அவள் மறுபடி பருப்பைப் பார்த்தாள்.

"இனிமேல் நோட்டுகளையும் பேரோடு வெளியிடுகிறேன் அம்மா. அளந்தவர் பேர் முதல் பக்கத்திலேயே வரும். அதிலிருந்து யார் எடுத்து எழுதினாலும் அந்தப் பேரைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அச்சேற்ற மாட்டேன்."

"இதை அவகிட்டப் போய்ச் சொல்லுங்க."

போனார்.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"தரலையா?"

"தருவதற்கு இல்லை அம்மா. இதழ் வந்த அன்றைக்கு அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, தன் பேரை மூன்று தரம் தேடினாளாம். நாலாம் நாள் நோட்டெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது."

"திட்டினாளா?"

"திட்டியிருந்தால் தேவலை. 'வெயில்ல வந்திருக்கீங்க' என்று மோர் கொடுத்தாள்."

"அந்தப் பிள்ளைங்க?"

"எந்த வருஷம் கெட்டது என்று இனிச் சொல்ல வழியில்லை அம்மா."

பிறகு பையிலிருந்து ஒரு நோட்டு அட்டையை எடுத்தார். ஓரமெல்லாம் மடங்கியிருந்தது.

"இது ஒன்றுதான் மிச்சம். அரிசி டின்னுக்கு மூடியாகக் கிடந்தது."

செல்லாயி அதை வாங்கி முந்தானையால் துடைத்தாள். அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"'யார் கேட்டாலும் கொடுக்கவும்.'"

"அதுக்குக் கீழ?"

"அவள் பேர்."

"படிங்க."

படித்தார். குரல் எழும்பவில்லை.

"எனக்குக் கேட்கலை," என்றாள் செல்லாயி.