மணலை உழுத பரதவர்

முன்னொரு காலத்தில் கடல் சூழ்ந்த நாடொன்றை நாகமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். ஆண்டான் என்பது ஒரு மரியாதைக்குத்தான். பாட்டன் காலத்தில் பிழைக்க வந்த மூன்று கூட்டத்தார் அங்கே தனித்தனியாகக் குடியேறியிருந்தார்கள். கரையில் பரதவர், மலையில் மிளகுக்காரர், ஆற்றுப்படுகையில் உழவர். தலைவர் மூவர், சட்டம் மூன்று. முந்தின வருஷம் கடற்கொள்ளையர் கரைக் குடிசைகளைக் கொளுத்தியபோது மலைக்காரர் உச்சியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். படுகைக்காரர், "மீன் நாற்றம் ஒழிந்தது" என்றார்கள்.

ஒருநாள் அரசனுக்குத் திடீரென ஞானம் பிறந்தது. "மூன்றும் ஒரே நாடாக வேண்டும்! வழி என்ன?"

அமைச்சர் தேவகுஞ்சரி வாய் திறக்குமுன், அவர் பதவிமேல் கண் வைத்திருந்த சேனாபதி விடங்கராயர் முந்திக்கொண்டார். "எல்லாருக்கும் ஒரே சட்டம், பிரபு! என் ஊர்ப் படுகைச் சட்டம். பௌர்ணமி தொடங்கி ஒரு வாரம் எல்லாரும் ஏர் பிடிக்கட்டும். வேறு தொழில் செய்தால் கசையடி!"

"ஆகா!" என்றான் அரசன்.

"மணலிலும் பாறையிலுமா உழுவது, பிரபு?" என்றார் தேவகுஞ்சரி.

"பெண்புத்தி!" என்று இளித்தார் ராயர்.

தேவகுஞ்சரி மூன்று தலைவர்களையும் ரகசியமாக அழைத்தார். வந்ததும் மூவரும் முறைத்துக்கொண்டார்கள்.

"உங்களுக்குள் ஆயிரம் பகை இருக்கட்டும். ராயர்மேல் மூவருக்கும் பகைதானே?"

"எங்கள் படுகைக்காரன்தான். ஆனாலும் அவன் ஏர் பிடித்து நான் பார்த்ததில்லை, தாயே" என்றார் உழவர் தலைவர். மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். அதன்பின் பேச்சு எளிதாக நடந்தது.

பௌர்ணமியன்று கடற்கரை அரண்மனைக்கு முன்னால் பரதவர் மணலை உழுதுகொண்டிருக்க, கடலில் கறுப்புப் பாய்கள் தெரிந்தன.

"கொள்ளையர்! படகை எடுங்கள்!" என்று அலறினான் அரசன்.

"இது உழவு வாரம், மகாராசா. படகைத் தொட்டால் கசையடி" என்றார்கள் பரதவர்.

"ராயரே!" என்று அரசன் திரும்பினான். அரண்மனை நெற்குதிருக்குள்ளிருந்து ராயரின் தும்மல்தான் கேட்டது.

தேவகுஞ்சரி புதிய சட்டம் எழுதிய ஓர் ஓலையை நீட்டினார். அவரவர் ஊருக்கு அவரவர் சட்டம். கடற்காவலும் பெருவழியும் எல்லாருக்கும் பொது. பொதுக் காரியம் பேச மூவருக்கும் சமமான ஆசனம். அரசன் அவசர அவசரமாக முத்திரை பதித்தான்.

கறுப்புப் பாய்ப் படகுகள் கரை சேர்ந்தன. அவற்றிலிருந்து முதலில் மூன்று தலைவர்களும் குதித்தார்கள். பாய் படுகையில் நெய்தது, பாய்மரம் மலையில் வெட்டியது, படகு பரதவருடையது.

"என்னையே ஏமாற்றினீரா?" என்று சீறினான் அரசன்.

"நிஜமாகவே கொள்ளையர் வந்திருந்தால் முத்திரை பதிக்க நேரமிருந்திருக்குமா, பிரபு?"

அரசன் தலைகுனிந்தான். தன் முத்துமாலையைக் கழற்றித் தேவகுஞ்சரியிடம் கொடுத்தான். உமியும் தும்மலுமாக வந்த ராயரிடம் வாளைப் பிடுங்கிக்கொண்டு, "முதலில் ஏர் பிடிக்கக் கற்றுக்கொள்ளும்" என்று அனுப்பினான்.

புதிய சபை கூடிய முதல் நாளே, தலைநகரம் யார் ஊரில் என்று மூவரும் உச்சிப்பொழுதுவரை கத்தினார்கள். அரசன் காதைப் பொத்திக்கொண்டான். "இதுவா ஒற்றுமை?"

"இதுவரை இவர்கள் ஒருவரை ஒருவர் திட்டக்கூட ஓரிடத்தில் கூடியதில்லை, பிரபு" என்றார் தேவகுஞ்சரி. "கத்தட்டும். யாரும் எழுந்து போகவில்லை, பாருங்கள்."