தட்டிக்கு மேல் தெரிந்தது

அன்று மடத்தில் இருந்தவர்கள்: மடத்தை நடத்தும் தாயார், பரிமாறுகிற கோமதி, சாப்பிட வந்த ஏழு பேர், வடமலை, அவர் மனைவி பிச்சம்மாள். மொத்தம் பதினொரு பேர்.

பிச்சம்மாள் கை கால் கழுவப் போயிருந்தாள். வடமலை உட்காரவில்லை.

"தாயே, மூணு மணிக்குள்ள டாக்டருக்குப் பதில் சொல்லணும்."

"என்ன பதில்?"

"மக தலையில கட்டி. மயக்கத்துலயே வெட்டி எடுக்கலாமாம். இல்லன்னா முழிக்க வச்சு, மின்சாரத்தால தொட்டுத் தொட்டு, பேச்சு போகுதான்னு பார்த்துக்கிட்டே வெட்டலாமாம். மண்டையைத் திறந்து வச்சுக்கிட்டுப் பிள்ளையைப் பேசச் சொல்றதா?"

மகள் பூங்கோதை பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறவள். ஊர்ப் பெயர்களைச் சொல்லியே சம்பாதிக்கிறவள். "அப்பா சொல்றபடி" என்று விட்டுவிட்டாள்.

"உங்க மனசு எதுல?"

"மயக்கத்துலதான். அவளைப் பேசச் சொல்லி ஸ்கேன் எடுத்தாங்க. கட்டியை ஒட்டி ஒரு பொட்டுச் சிவப்பு இல்ல. அங்க பேச்சு இல்ல தாயே."

"சிவப்புதான் பேச்சா?"

"அது ரத்தம். மூளையில மின்துடிப்பு எழுந்தா, நாலஞ்சு நொடி கழிச்சு அங்க ரத்தம் கூடுமாம்."

சாப்பாட்டு மணி அடித்தது. தாயார் அவரை அழைத்துப்போய் மூங்கில் தட்டிக்கு வெளியே நிறுத்தினார்.

தட்டி கழுத்து உயரம். உள்ளே தரையில் உட்கார்ந்தவர்கள் தெரியவில்லை. வாளியோடு நடக்கும் கோமதியின் தலை மட்டும் தெரிந்தது. அந்த மடத்தில் சாப்பிடும்போது பேசக்கூடாது. ஏதாவது வேண்டுமென்றால் விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும்; பார்த்துக் கோமதி வாளியோடு வருவாள்.

"கோமதியைப் பார்த்துச் சொல்லுங்க. பந்தியில எத்தனை பேர்?"

கோமதி குனிகிற இடங்களை வடமலை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஏழு."

"அந்த மூலையில?"

மூலையை மறைத்து அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. காலையில் வந்து இறங்கியவை. கோமதி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் இல்ல."

"நிச்சயமா?"

"வாளி போகலையே தாயே!"

"மேல் மூட்டை சரிஞ்சு நிக்குது. அந்தப் பக்கமே தள்ளிவிடச் சொல்லட்டுமா?"

வடமலைக்கு மணி மூன்றாகிவிடுமே என்றிருந்தது.

"தள்ளட்டும்."

தாயார் தட்டியை விலக்கினார். அவரை உள்ளே, மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

வெறும் இலைக்கு முன்னால் பிச்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு விரல் தூக்கியபடியே இருந்தது. கை ஓய்ந்துபோய், முழங்கையை மற்றக் கையால் தாங்கியிருந்தாள்.

கோமதி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரமா?" என்றார் வடமலை.

பிச்சம்மாள் பேசக்கூடாது என்பதை மறந்தாள்.

"உக்காந்ததுல இருந்து. யாரும் இல்லன்னு நீங்க சொன்னதும் கேட்டுச்சு. தள்ளட்டும்னதும் கேட்டுச்சு."

வடமலை அங்கேயே நின்று போன் போட்டார்.

"டாக்டர், முழிக்க வச்சே செய்யுங்க. ரத்தம் போகலன்னா பேச்சு இல்லன்னு ஆகாது. அந்தச் சிவப்பு இல்லாத இடத்துல தொட்டுத் தொட்டுக் கேளுங்க. ஊர்ப் பேர் சொல்லச் சொல்லுங்க, சொல்லுவா."

கோமதியின் கையிலிருந்த வாளியை வாங்கிக்கொண்டு பிச்சம்மாள் இலைக்குக் குனிந்தார்.

பந்தியில் ஏழு பேரும் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். மிச்சம் ஒரு இலை.