தணலன் சொன்ன கடைசி வார்த்தை

தணலன் வருவானா, மாட்டானா?

ஒன்பது வருடமாக நாங்கள் இதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் என்றால் தணலன் காமிக்ஸ் வாசகர்கள். சின்னப் பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே வாட்ஸப் குழுவில் சண்டை போடுகிற வயதுக்காரர்கள். நான் வருவான் கட்சி. அதை மறைத்துக்கொண்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

விஷயம் இதுதான். தணலனின் கை எதைத் தொட்டாலும் உருக்கும். தண்ணீர் மட்டும் அவனுக்கு ஆகாது. முழுக்க நனைந்தால் அணைந்துபோவான். கடைசி இதழில் ஓர் அணையின் மதகு உடைகிறது. கீழே ஏழு ஊர். தண்ணீருக்குள் இறங்கி அந்த இரும்புக் கதவை உருக்கி ஒட்ட அவன் ஒருவனால்தான் முடியும். இறங்குகிற இடத்தில் நின்று, கரையில் நிற்கும் நண்பனைத் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்கிறான்.

"வருகிறேன்."

அடுத்த கட்டத்தில் வெறும் தண்ணீர். அதன் மேல் கொஞ்சம் ஆவி. முற்றும்.

ஆவி வந்தால் சூடு இருக்கிறது, சூடு இருந்தால் உயிர் இருக்கிறது என்றோம் நாங்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் போட்டாலும்தான் ஆவி வரும், அதற்காக இரும்புக்கு உயிர் இருக்கிறதா என்றார்கள் வரமாட்டான் கட்சிக்காரர்கள். மூன்று வருடம் கழித்து மறுபதிப்பு வந்தது. அதில் ஆவியைக் காணோம். "வருகிறேன்" இருந்த இடத்தில் "போகிறேன்" என்று இருந்தது. அதற்குப் பிறகு எங்களில் பலர் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை.

தணலனை எழுதியவர் சாத்தூர் மரகதம் டீச்சர். பள்ளிக்கூட வேலையை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். முடிவைப் பற்றி யார் போய்க் கேட்டாலும் பதில் சொல்லமாட்டார். பதில் மாதிரி எதையாவது செய்வார். கேட்டவர்கள் ஏதோ புரிந்ததுபோலத் தலையாட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். நானும் ஒருமுறை அப்படித் தலையாட்டியிருக்கிறேன்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். விருதுநகரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காளிராஜ். டீச்சரைவிட நாலு வயது மூத்தவர். காமிக்ஸுக்குக் கதை எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார். அவர் டீச்சர் என்பார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார்.

காளிராஜின் உயிர் நண்பர் கோவில்பட்டி தவசிமணி. சாத்தூரிலிருந்து முக்கால் மணி நேரப் பயணம். இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை வாங்கிச் சேர்ந்து படித்து வளர்ந்தவர்கள். தவசிமணிக்குக் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிடுகிற கெட்ட பழக்கம். அதனால் காளிராஜ் கடைசிப் பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டுதான் அவருக்குப் புத்தகத்தைக் காட்டுவாராம்.

மறுபதிப்பு வந்த வருடம் எங்கள் வாசகர் சந்திப்பில் தவசிமணி பேசினார். "அவன் வரமாட்டான். வருவான்னு தெரிஞ்சா அவன் தண்ணிக்குள்ள இறங்குனதுக்கு என்ன மரியாதை?" என்றார்.

கூட்டத்திலிருந்து காளிராஜ் எழுந்தார். "கதை புரியாதவனுக்கெல்லாம் எதுக்கு மைக்கு?"

இருநூறு பேர் சிரித்தோம். நானும் சிரித்தேன். தவசிமணி மைக்கை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. ஆறு வருடம்.

இந்தத் தை மாதம் தவசிமணியின் மனைவி செண்பகம் காளிராஜுக்குப் போன் செய்தார். கணவருக்கு ஈரல் கெட்டுவிட்டது, டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், படுத்த படுக்கையில் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று. போனை வைப்பதற்குள்ளேயே காளிராஜுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாகக் கிடக்கிற நேரத்திலும் தவசிக்குத் தணலன் முடிவுதான் மனதை அரிக்கிறது. அது தெரியாமல் அவனைப் போகவிடக் கூடாது. ஆறு வருடம் கழித்து வெறுங்கையோடு எப்படிப் போய் நிற்பது? டீச்சர் வாயாலேயே பதிலை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டீச்சர் வீட்டில் போய் உட்கார்ந்தார்.

"டீச்சர், தணலன் வருவானா மாட்டானா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க."

டீச்சர் பீரோவைத் திறந்து முதல் பதிப்பை எடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தார்.

"படிங்க அண்ணாச்சி."

"வருகிறேன்."

"வீட்டுல சொல்லிட்டுக் கடைக்குக் கிளம்புற மாதிரி படிங்க."

"வருகிறேன்."

"சண்டைக்குக் கூப்பிட்டவன்கிட்ட சொல்ற மாதிரி."

"வருகிறேன்."

"இனிமே பாக்கவே மாட்டோம்னு தெரிஞ்ச ஆள்கிட்ட."

காளிராஜ் வாயைத் திறந்தார். படிக்காமலே பக்கத்தை மூடினார்.

"எழுத்து எங்கயாவது மாறுச்சா?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்லை டீச்சர்."

"அப்புறம் என்கிட்ட என்ன கேக்குறீங்க?"

காளிராஜ் தலையாட்டினார். எதற்காகக் கேட்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால், முதலில் போய் அந்த மனுஷனிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்பார் டீச்சர். ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். பதில் கையில் இருந்தால் மன்னிப்புத் தேவைப்படாது என்று காளிராஜ் நினைத்தார். எங்கள் ஆட்களின் கிறுக்குத்தனமே இதுதான்.

அந்த வாரம் முழுக்க அவர் கடையைச் சரியாகத் திறக்கவில்லை. எண்பத்து நாலு இதழ்களையும் பரப்பிவைத்துக்கொண்டு, தணலன் எங்கெல்லாம் "வருகிறேன்" என்று சொல்கிறான் என்று தேடினார். பதினேழு இடம். பதினேழு முறையும் சொன்னபடி வந்திருந்தான். அவரிடம் இல்லாத ஐந்து இதழ்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவன் நான். எதற்கு என்று நானும் கேட்கவில்லை. சந்தோஷமாகக் கொடுத்தேன்.

கோவில்பட்டி பஸ் அவர் கடைக்கு எதிரில்தான் நிற்கும். செவ்வாய்க்கிழமை ஒருமுறை படிக்கட்டில் கால் வைத்துவிட்டார். தவசி லேசில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை, பதினேழு இடத்தைக் காட்டினால் பதினெட்டாவதுக்கு என்ன ஆதாரம் என்பான் என்று தோன்றவும் இறங்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு இரண்டு பதிப்புகளையும் எடுத்துக்கொண்டு போனார்.

"முடிவைக் கேக்கலை டீச்சர். மறுபதிப்புல எதுக்கு மாத்துனீங்க? அதை மட்டும் சொல்லுங்க. முதல்ல இந்த ஆவி."

"ஆவியை நான் எடுக்கலை அண்ணாச்சி. பிரஸ்ல மை சரியா விழலை."

அந்த ஆவியைப் பற்றி நாங்கள் ஆறு வருடம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம்.

"வார்த்தை?"

"வார்த்தை நான் மாத்துனதுதான்."

டீச்சர் மறுபதிப்பைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரை ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எனக்குக் காய்ச்சல், கூடப் போக முடியலை. வாசல்ல கார் நிக்குது. செருப்பை மாட்டிக்கிட்டே, 'சரி மரகதம், போறேன்'னாரு. போறேன்னு சொல்லக் கூடாது, வாரேன்னு சொல்லுங்கன்னேன். அவர் என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. வேற ஏதோ சொல்ல இருந்திருக்காரு. நான் விடலை. வாரேன்னு சொல்லுங்க, வாரேன்னு சொல்லுங்கன்னேன். 'வாரேன், போதுமா'ன்னு சொல்லிட்டுக் கார்ல ஏறிட்டாரு."

"டீச்சர்..."

"முப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டு, கடைசியா அவர்கிட்ட நான் பேசுனது ஒரு பிழைதிருத்தம். ஆறு மாசம் கழிச்சு மறுபதிப்புக்கு புரூஃப் வந்துச்சு. அந்த வார்த்தையைத் தாண்டிப் போக முடியலை. அடிச்சுட்டு, அவர் முதல்ல சொன்னதையே எழுதிட்டேன்."

காளிராஜுக்குக் கண் கலங்கியது. கலங்கியது உண்மை. ஆனால் ரசிகன் புத்தி எங்கே போகும்?

"அப்ப இது உங்க சொந்த வருத்தத்துல மாத்துனது. கதைக் கணக்குல சேராது. முதல் பதிப்புதான் செல்லும், அப்படித்தான டீச்சர்?"

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"காபி குடிக்கிறீங்களா அண்ணாச்சி?"

பஸ்ஸில் திரும்பும்போது காளிராஜ் நோட்டில் எழுதிக்கொண்டார்: முதல் பதிப்பே செல்லும். டீச்சர் மறுக்கவில்லை. கிட்டத்தட்ட பதில் கிடைத்த மாதிரிதான். இன்னும் ஒரு ஞாயிறு போய், அதை டீச்சர் கையெழுத்தில் ஒரு வரியாக வாங்கிவிட்டால் தவசியால் ஒன்றும் பேச முடியாது. அப்படியே கோவில்பட்டிக்கு பஸ் ஏறிவிட வேண்டியதுதான்.

மூன்றாவது ஞாயிறு அவர் பை இல்லாமல் வந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"தவசி போயிட்டான் டீச்சர். வியாழக்கிழமை."

டீச்சர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்ம கோவில்பட்டித் தவசிமணியா? உடம்புக்கு முடியாம இருந்தாரா?"

"ஈரல். டாக்டருங்க கைவிட்டு ஒரு மாசமாச்சு."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"போய்ப் பாத்தீங்களா?"

"பதிலை வாங்கிட்டுப் போகலாம்னு இருந்தேன். அதுக்குத்தான் டீச்சர் ரெண்டு வாரமா உங்க உயிரை எடுத்தேன். கடைசி வரைக்கும் அதையே கேட்டுக்கிட்டுக் கிடந்திருக்கான். தெரியாமலே போயிட்டான். இனிமேலாவது சொல்லுங்க. தணலனை மொத்தமா ஒரே தொகுப்பாப் போடப் போறீங்கள்ல, அதுலயாவது சரியான வார்த்தையைப் போட்டு, அவன் பேருக்குன்னு..."

மேலே பேச முடியாமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் அவர் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அவர் என்ன கேட்டாராம்?"

"அதான் டீச்சர். வருவானா மாட்டானான்னு."

"அவர் வீட்டம்மா போன்ல என்ன சொன்னாங்க? அவங்க வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

காளிராஜ் யோசித்து யோசித்துச் சொன்னார்.

"'படுத்த இடத்துலருந்து வாசலையே பாத்துக்கிட்டு, வருவானா, வருவானான்னு கேட்டுக்கிட்டே இருக்காருண்ணே. நான் என்னன்னு சொல்ல? உங்களுக்குத்தான தெரியும்'னுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"டீச்சர்கிட்ட கேட்டுச் சொல்றேன் தங்கச்சின்னேன்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே கேட்டார்.

"அவங்க தணலன் பேரைச் சொன்னாங்களா அண்ணாச்சி?"

காளிராஜ் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு அவர் கை துண்டைத் தேடியது. துண்டு மடியில்தான் கிடந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

டீச்சர் கீழே வைத்த டம்ளரில் காபி ஆறி ஆடை படிந்திருந்தது என்று காளிராஜ் பிறகு என்னிடம் சொன்னார்.

"எனக்கு ஏன் டீச்சர் தோணலை?"

வழக்கம்போல எதையாவது எடுத்துவரப் போகிறார் என்று காளிராஜ் நினைத்தார். டீச்சர் எழுந்திருக்கவே இல்லை.

"ரெண்டு ஞாயிறு வந்து என்கிட்ட கேட்டீங்க," என்றார். "எதுக்குக் கேக்குறீங்க அண்ணாச்சின்னு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."